கூரை மேல் கோப்ளின், கீழே நான்: பால்டர்ஸ் கேட் 3 ஆரம்பச் சண்டைக்கு வழி சொல்லுங்கள்

உசிலம்பட்டி வில்லாளி | சனி, இரவு 11.52

வணக்கம். டர்ன் வைத்து, அதாவது முறை போட்டு மாறி மாறி ஆடுகிற ஆட்டத்துக்கு நான் முழுப் புதுசு. இதுவரை கிரிக்கெட், கார் ரேஸ், துப்பாக்கி ஆட்டம், அவ்வளவுதான். பால்டர்ஸ் கேட் 3 என்கிற இந்தக் கம்ப்யூட்டர் ஆட்டம் தள்ளுபடியில் வந்தபோது வாங்கிப் போட்டேன். 150 ஜிபி இடம் கேட்டது. அக்கா கல்யாண வீடியோவை எல்லாம் வேறு டிஸ்க்குக்கு மாற்றி இடம் பண்ணி, மூன்று ராத்திரி இறக்கினேன். நடுவில் இரண்டு தடவை கரண்ட் வேறு போனது.

கப்பலில் இருந்து விழுந்தது, கரையில் கால் முளைத்த மூளைகளை அடித்தது, தோப்பு வாசல் சண்டை, இதெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டேன். வாசல் சண்டையில் தோப்புக்காரர்களும் கூடச் சேர்ந்து அடித்ததால்தான் ஜெயித்தேன் என்று இப்போது புரிகிறது. அப்புறம் அந்தப் பாழடைந்த கிராமம். உள்ளே நுழைந்ததும் கூரை மேல் கோப்ளின்கள் (குட்டைப் பூதங்கள்) வில்லோடு நிற்கின்றன. பேசிச் சமாளிக்கப் பார்த்தேன், பகடை காலை வாரிவிட்டது. நான்கு முறை சண்டை போட்டேன், நான்கு முறையும் மொத்தக் கூட்டமும் காலி.

என் கூட்டம்: நான் (ரேஞ்சர், கையில் வில்), லேசெல் (வாள் வீரர்), ஷேடோஹார்ட் (பக்தியால் மந்திரம் போடுபவர்), கேல் (மந்திரவாதி). எல்லாரும் லெவல் 2. ஆளுக்கொரு கோப்ளினைப் பிரித்துக் கொடுத்து அடிக்கிறேன். 70 சதவீதம் என்று காட்டுகிறது, அடித்தால் மிஸ். ஷேடோஹார்ட் விடும் நெருப்பு இதுவரை ஒருத்தன் மேலும் பட்டதாக நினைவில்லை. கேல் சீக்கிரம் விழுகிறாரே, பாவம் என்று கிடைத்த இரும்புச் சட்டையை மாட்டிவிட்டேன். இப்போது அவருடைய மந்திர பட்டன் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. ஆட்டத்தில் ஏதும் கோளாறா?

ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிப்பேன். திட்டாமல் சொல்லுங்கள்.

கோரிப்பாளையம் கோப்ளின் | ஞாயிறு, இரவு 12.15

திட்ட மாட்டோம் பங்காளி, சிரிப்போம். மந்திரவாதிக்கு இரும்புச் சட்டை போடுவது நாதஸ்வர வித்வானுக்குப் பாக்ஸிங் கையுறை மாட்டிவிட்டு "வாசிங்க" என்று சொல்வது மாதிரி. கோளாறு ஒன்றுமில்லை. எந்தத் தொழில்காரருக்கு எந்தக் கவசம் பழக்கம் என்று ஆட்டம் கணக்கு வைத்திருக்கிறது. பழக்கமில்லாததைப் போட்டால் மந்திரம் போட முடியாது, கையால் அடிப்பதும் ஒழுங்காகப் படாது. கழற்றிவிடுங்கள், பட்டன் எல்லாம் உயிர் பெறும்.

ஷேடோஹார்ட் நெருப்பு விஷயமும் உங்கள் தப்பு இல்லை, உலகம் பூராவும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஃபயர் போல்ட் அவருக்குப் பக்தியால் வந்த மந்திரம் கிடையாது, பாதி எல்ஃப் இனமாகப் பிறந்ததால் கூட ஒட்டிக்கொண்டு வந்தது. அது புத்திக் கணக்கில் ஓடும். அவருக்குப் புத்தி வெறும் 10. பலம் இருப்பது விஸ்டத்தில், அதாவது ஞானக் கணக்கில். அந்த நெருப்பை மறந்துவிட்டு கைடிங் போல்ட் போட்டுப் பாருங்கள். 4 ஆறுமுகப் பகடை சேதம், அதோடு அந்த எதிரியை அடுத்து அடிப்பவருக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம்.

தாயக்கட்டை | ஞாயிறு, காலை 7.40

தம்பி, சட்டையைக் கழற்றியாச்சா? சரி. பெரிய தப்புக்கு வருவோம். "ஆளுக்கொரு கோப்ளின்" என்று எழுதினீர்களே, நான்கு முறையும் நீங்கள் செத்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

ஒரே ஒரு உயிர்ப்புள்ளி மிச்சமிருக்கிற கோப்ளினும் முழு உயிரோடு நிற்கிற கோப்ளினும் விடுகிற அம்பு ஒரே அம்புதான். காயம் பட்டவன் நொண்டமாட்டான், கை நடுங்கமாட்டான். செத்தால் மட்டும்தான் அவன் டர்ன் போகும். அதனால் இந்த ஆட்டத்தில் எத்தனை சேதம் பண்ணினோம் என்பது பொய்க் கணக்கு. எத்தனை பேருடைய டர்னைப் பிடுங்கினோம் என்பதுதான் மெய்க் கணக்கு.

எதிரி 6 பேர், நீங்கள் 4 பேர், இரண்டு அடி விழுந்தால் ஒருத்தன் சாவான், முதல் டர்ன் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து அடித்தால் முதல் சுற்றில் இரண்டு பேர் காலி, மிச்சம் 4 பேர் அம்பு விடுவார்கள். அடுத்த சுற்றில் 2 அம்பு. மூன்றாவதில் யாருமில்லை. மொத்தம் 6 அம்பு. இதையே ஆளுக்கொருத்தனாகப் பிரித்து அடித்தால் முதல் சுற்றில் ஒருத்தனும் சாகமாட்டான், 6 அம்பும் வரும். இரண்டாவது சுற்றில் அதே நான்கு பேரை முடித்தால் 2 அம்பு. மொத்தம் 8. இரண்டு அம்புதானே வித்தியாசம் என்று தோன்றும். லெவல் 2-ல் இரண்டு அம்பு என்பது கேலுடைய உயிர். கேல் விழுந்தால் உங்கள் பக்கம் நான்கு அடி மூன்றாகிறது, அதற்கடுத்த சுற்றில் கணக்கு இன்னும் கெடும். அப்படித்தான் சரியும்.

எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் ஆடு புலி ஆட்டத்துக்குக் கட்டம் கீறியிருக்கும். புலி 3, ஆடு 15. ஆட்டை வைத்து ஆடுகிற சின்னப் பையன்கள் மூன்று புலியையும் ஒரே நேரத்தில் மடக்கப் பார்த்து ஆடுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக இறக்குவார்கள். புலி ஒவ்வொன்றாகத் தாண்டித் தின்றுவிடும். தாத்தா ஆடு எடுத்தால் ஒரே புலியைத்தான் பார்ப்பார். அதை மூலையில் ஒடுக்கி நகரவிடாமல் பண்ணிவிட்டுத்தான் அடுத்த புலியை ஏறிட்டே பார்ப்பார். பால்டர்ஸ் கேட்டைச் செய்த இந்த பெல்ஜியம்காரர்கள் அதே ஆட்டத்தைத்தான் 150 ஜிபியில் கொடுத்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அடுத்தது. ஒவ்வொரு டர்னிலும் உங்களுக்கு ஒரு ஆக்‌ஷன், ஒரு போனஸ் ஆக்‌ஷன், நடக்கக் கொஞ்ச தூரம், இவ்வளவும் உண்டு. ஆக்‌ஷன் என்பது பச்சை வட்டம், போனஸ் என்பது ஆரஞ்சு முக்கோணம். புதுசாக ஆடுபவர்கள் வட்டத்தைச் செலவழித்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டி டர்னை முடித்துவிடுவார்கள். முக்கோணம் சும்மா கிடக்கும். ஸ்பேஸைத் தொடும் முன் அந்த முக்கோணத்தை ஒரு தரம் பாருங்கள். மருந்து குடிப்பது, குதிப்பது, எதிரியைத் தள்ளிவிடுவது, பக்கத்தில் எரிகிற நெருப்பில் ஆயுதத்தைத் தோய்ப்பது எல்லாம் அதில்தான் வரும். தோய்ப்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு நான்குமுகப் பகடை நெருப்புச் சேதம் கூடும். கையில் ஒரு மெழுகுவர்த்தி இருந்தால் தரையில் வைத்து ஏற்றி அதிலேயே தோய்க்கலாம். நான் எங்கே பார்த்தாலும் மெழுகுவர்த்தி திருடுவேன்.

நடையையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. உங்கள் ரேஞ்சருக்கு 9 மீட்டர் என்றால் சுவருக்குப் பின்னால் இருந்து 4 மீட்டர் வெளியே வந்து, அம்பு விட்டு, திரும்பச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். எதிரி கண்ணில் நீங்கள் பட்டால்தானே குறி வைப்பான்?

கடைக்கு நேரமாச்சு. மிச்சம் மதியம்.

நடுநிசி ஜிகர்தண்டா | ஞாயிறு, காலை 10.05

தாயக்கட்டை அண்ணே சொன்னது எல்லாம் சண்டை தொடங்கின பிறகு. என் கணக்கில் பாதிச் சண்டை தொடங்கும் முன்பே முடிந்துவிடும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவள் நான், ஒரே சண்டையைப் பத்துத் தடவை போட எனக்குப் பொறுமை கிடையாது.

தம்பி, நான்கு பேரையும் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வரிசையாக வாசல் வழியே கூட்டிப் போகிறீர்கள். அங்கே கூரை மேல் இருப்பவன் உங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். கீபோர்டில் ஜி தட்டினால் கூட்டம் பிரியும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக நடத்தலாம். சி தட்டினால் பதுங்கி நடப்பார்கள். ஷிப்டை அழுத்திப் பிடித்தால் எதிரியின் பார்வை எந்தப் பக்கம் விழுகிறது என்று தரையில் சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பைத் தொடாமல் கிராமத்தைச் சுற்றி, பின்பக்கமாகக் கூரைக்கு ஏறுங்கள்.

மேலே இருந்து கீழே இருப்பவனை அடித்தால் பகடையில் 2 கூட்டிக் கொடுப்பார்கள். கீழே இருந்து மேலே அடித்தால் 2 குறைப்பார்கள். 20 முகப் பகடையில் 2 என்பது 10 சதவீதம். நீங்கள் நான்கு தடவையும் கீழே நின்று மேல்நோக்கி அம்பு விட்டிருக்கிறீர்கள். அந்த 10 சதவீதத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, உங்களுடையதிலும் 10 விட்டுவிட்டீர்கள்.

கண்ணில் படாமல் முதல் அடி உங்களுடையதாக இருந்தால், கவனிக்காமல் நின்றவர்கள் திகைத்துப் போய் முதல் டர்னை இழப்பார்கள். அண்ணே சொன்ன கணக்குப்படியே பாருங்கள், ஒரு ஆளையும் கொல்லாமல் அத்தனை பேருடைய டர்னையும் பிடுங்கியாச்சு.

அப்புறம் கூரை விளிம்பில் நிற்பவனை அம்பால் அடிப்பானேன்? தள்ளிவிடுங்கள்! போனஸ் ஆக்‌ஷன்தான். விழுந்த அடி தனி, மேட்டை இழந்தது தனி.

கரையிலேயே அஸ்டாரியனை (கூடச் சேர்த்துக்கொள்ளக்கூடிய திருடர்) விட்டுவிட்டு வந்துவிட்டீர்களா? போய்க் கூட்டி வாருங்கள். அவருடைய பதுங்கல் அடிக்கு ஒளிந்திருக்கத்தான் வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தேவையில்லை. அட்வான்டேஜ் இருந்தாலும் போதும், இல்லையென்றால் எதிரிக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நின்றாலும் போதும். லேசெல் முட்டிக்கொண்டு நிற்கிற ஆளையே அஸ்டாரியன் தூரத்தில் இருந்து அடிக்கவேண்டும். அதற்கென்று தனி பட்டன் இருக்கிறது, சாதாரண அம்பு பட்டனைத் தட்டிவிட்டு சேதம் குறைகிறதே என்று அழக்கூடாது. நான் அழுதிருக்கிறேன்.

மேலூர்க்காரன் | ஞாயிறு, காலை 11.30

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். அந்த 70 சதவீத விஷயத்தை யாரும் தொடவில்லை. எனக்கு 90 சதவீதம் மிஸ் ஆகியிருக்கிறது, அதுவும் அடுத்தடுத்து. இந்தப் பகடையில் ஏதோ கோக்குமாக்கு இருக்கிறது. செட்டிங்கில் கர்மிக் டைஸ் என்று ஒன்று வேறு தானாகவே ஆனில் இருக்கிறது. நான் எஃப்5, எஃப்8 இரண்டையும் நம்பித்தான் ஆடுகிறேன். சண்டைக்கு முன்னால் சேவ், கெட்டால் லோடு. இதில் வெட்கம் என்ன?

தாயக்கட்டை | ஞாயிறு, பிற்பகல் 2.20

70 என்றால் பத்துக்கு மூன்று மிஸ். அடுத்தடுத்து இரண்டு மிஸ் ஆவதற்கு 9 சதவீதம். ஒரு சண்டையில் இருபது முப்பது அடி அடிக்கிறோம், அது வராமல் எப்படிப் போகும்? பட்டது மறந்துவிடும், படாதது மட்டும் நெஞ்சில் நிற்கும். வீட்டில் தாயம் ஆடினாலும் இதே கதைதானே, நமக்கு விழாத தாயம்தான் ஞாபகம் இருக்கும்.

தாயத்தில் 1 விழுந்தால்தான் காயே உள்ளே இறங்கும். இங்கே நேர் எதிர். 1 விழுந்தால் எத்தனை பெரிய வீரனாக இருந்தாலும் கண்டிப்பாக மிஸ். 20 விழுந்தால் கண்டிப்பாகப் படும், சேதப் பகடையும் இரட்டிப்பு. இடையில் இருக்கிற எண்களைத்தான் நாம் மாற்ற முடியும்.

அதில் பெரிய ஆயுதம் அட்வான்டேஜ். இரண்டு பகடை உருட்டி எது பெரியதோ அதை எடுப்பது. 50 சதவீத அடிக்கு அட்வான்டேஜ் கிடைத்தால் 75 ஆகிறது. பக்கத்தில் தரையில் விழுந்து கிடப்பவன், கண் தெரியாதவன், உங்களைப் பார்க்காதவன், இவர்களை அடித்தால் அது கிடைக்கும். உங்களுக்கே எதிராகவும் இது நடக்கும் தம்பி: ஒரு கோப்ளின் உங்கள் மூக்குக்கு நேரே நிற்கும்போது வில்லை இழுத்தால் இரண்டில் சின்ன எண்ணைத்தான் எடுப்பார்கள். சரி, தள்ளிப் போய் அடிக்கலாம் என்று நடந்தால் போகிற போக்கில் அவன் ஒரு வெட்டு இலவசமாக வெட்டுவான். அப்படி மாட்டிக்கொண்டால் முக்கோணத்தைச் செலவழித்து அவனைத் தள்ளிவிட்டுப் பிறகு வில்லை எடுங்கள்.

சின்ன ஆயுதம் ஷேடோஹார்டுடைய பிளெஸ். மூன்று பேருக்கு, பத்து டர்ன், ஒவ்வொரு அடிக்கும் ஒரு நான்குமுகப் பகடை கூட. சராசரி இரண்டரை, அதாவது 12 சதவீதத்துக்கு மேல். அதைப் போட்டபிறகு அவரை முன்னால் அனுப்பாதீர்கள். அது மனதைக் குவித்துப் பிடித்திருக்கிற மந்திரம். அடி வாங்கினால் பிடி நழுவலாம். பிடித்துவைக்கிற இன்னொரு மந்திரத்தைப் போட்டாலும் பழையது அறுந்துவிடும்.

கர்மிக் டைஸ் உங்களைக் கெடுப்பதற்காக வைத்தது இல்லை மேலூர்த் தம்பி. தோல்வியோ வெற்றியோ ஒரே பக்கமாக நீளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம். லோடு போடுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதே வாசலில் அதே நான்கு பேரை நிறுத்திவிட்டு பகடை மட்டும் மாறட்டும் என்று லோடு போட்டால் கத்துக்கிட முடியாது.

கோரிப்பாளையம் கோப்ளின் | ஞாயிறு, பிற்பகல் 2.41

லோடு போடுகிறவர்களுக்கு ஆனர் மோடு என்று ஒரு மருந்து இருக்கிறது. 2023 நவம்பர் கடைசியில் வந்தது. ஒரே சேவ், கூட்டம் மொத்தமும் செத்தால் கதை முடிந்தது. நான் அதில் வெடிமருந்துப் பீப்பாய் பக்கத்தில் நின்றுகொண்டு கேலை நெருப்பு விடச் சொன்னேன். எதிரிகளும் செத்தார்கள், நாங்களும் செத்தோம். பதினெட்டு மணி நேர உழைப்பு. அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் போய் நான்கு புரோட்டா சாப்பிட்டேன்.

ஆரம்பத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆல்ட் தட்டிப் பார்த்தால் சுற்றிக் கிடக்கிற நிறையப் பொருள்களின் பெயர் தெரியும். பீப்பாயில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு நெருப்பை எடுங்கள்.

பழைய சோறு | ஞாயிறு, மாலை 5.15

இழை நன்றாகப் போகிறது. நான் ஐம்பதைத் தாண்டியவள், மகன் வெளியூர் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஆடுகிறேன். இருப்பதிலேயே எளிதான எக்ஸ்புளோரரில் வைத்திருக்கிறேன், கதைக்காகத்தான். என் பிரச்சினை வேறு. கதைப்படி நம் ஆளின் தலைக்குள் புழு இருக்கிறது, சீக்கிரம் வைத்தியம் பார்க்காவிட்டால் உருமாறிவிடுவாய் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அதனால் தூங்கவே பயமாக இருக்கிறது. ஒரே நாளில் எல்லாச் சண்டையையும் போட்டு, மந்திரம் தீர்ந்து, கேல் கைத்தடியால் அடித்துக்கொண்டிருக்கிறார்.

நடுநிசி ஜிகர்தண்டா | ஞாயிறு, மாலை 5.50

அம்மா, தாராளமாகத் தூங்குங்கள்! புழு உங்கள் நாளை எண்ணுவதில்லை. முகாமில் தூங்கினால்தான் கூட வருகிறவர்களுடைய கதையும் நகரும், பாதிப் பேச்சு ராத்திரியில்தான். உடனே கவனிக்க வேண்டியவை ஒரு சிலதான், எரிகிற விடுதி மாதிரி. நெருப்பைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனால் எழுந்து வரும்போது சாம்பல்தான் இருக்கும்.

முழு ராத்திரித் தூக்கத்துக்கு நடுத்தரக் கடினத்தில் 40 அளவு சாப்பாடு பிடிக்கும். பார்க்கிற கூடை, பீப்பாய் எல்லாவற்றிலும் கிடைப்பதை முகாமுக்கு அனுப்பிவிடுங்கள். இதைத் தவிர ஒரு நாளைக்கு இரண்டு குட்டித் தூக்கம் உண்டு. அதற்குச் சாப்பாடு வேண்டாம், ஒவ்வொன்றிலும் பாதி உயிர் திரும்பும். அதைப் போடாமல் மருந்தாகக் குடித்துத் தீர்க்கிறவர்கள்தான் அதிகம்.

மருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. சண்டை நடுவில் சின்னக் காயத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்காதீர்கள். அந்த டர்னில் ஒரு எதிரியைச் சாய்த்தால் அதுதான் பெரிய வைத்தியம். ஆள் விழுந்துவிட்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது. ஷேடோஹார்டிடம் ஹீலிங் வேர்ட் இருக்கிறது, போனஸ் ஆக்‌ஷனில் 18 மீட்டர் தூரத்தில் இருந்தே எழுப்பிவிடலாம். அவர் மந்திரம் தீர்ந்துபோனால் மருந்துப் புட்டியை விழுந்தவர் காலடியில் எறியுங்கள். உடைந்து சிதறும்போது பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் உயிர் ஏறும். அதற்கு முழு ஆக்‌ஷன் ஆகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சோறு | ஞாயிறு, மாலை 6.02

புட்டியை எறியலாமா! இத்தனை நாள் ஒவ்வொருத்தர் பையாகத் திறந்து மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேனே.

குண்டூசி | ஞாயிறு, இரவு 8.30

ஒரு திருத்தம். மேலே "மந்திரவாதிக்கு இரும்புச் சட்டை" என்று சிரித்தது சரி, ஆனால் கேலுக்கு எந்தக் கவசமும் ஆகாது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஆட்டத்தில் மனிதராகப் பிறந்த எல்லாருக்கும் இலேசான தோல் கவசமும் கேடயமும் பழக்கம். கேல் மனிதர். கையில் ஒரு கேடயம் கொடுத்தால் தற்காப்பு எண் 2 கூடும், மந்திரம் ஒன்றும் கெடாது. தோல் சட்டைக்குப் பதில் அங்கியிலேயே விட்டு, காலையில் எழுந்ததும் மேஜ் ஆர்மர் என்கிற கவச மந்திரத்தைப் போட்டுவிட்டால் அடுத்த தூக்கம் வரை தாங்கும். அதோடு கேடயமும் சேர்ந்தால் லெவல் 2 கோப்ளினுக்குக் கேல் அத்தனை லேசான இரை இல்லை. நான் முதல் தடவை ஆடி முடிக்கும் வரை இது தெரியாது.

கோரிப்பாளையம் கோப்ளின் | ஞாயிறு, இரவு 8.44

எனக்கு இப்போதுதான் தெரியும். ஆனர் மோடு பேசிய வாயை மூடிக்கொள்கிறேன்.

உசிலம்பட்டி வில்லாளி | திங்கள், இரவு 10.20

ஜெயிச்சாச்சு!!

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் முழுத் தூக்கம் போட்டேன். கேலுக்கு மேஜ் ஆர்மர், ஒரு மரக் கேடயம். கூட்டத்தைப் பிரித்தேன். லேசெலும் கேலும் ஷேடோஹார்டும் கிராமத்துச் சுவருக்கு வெளியே. நான் மட்டும் பதுங்கிச் சுற்றிப் போனேன். ஜிகர்தண்டா அக்கா சொன்ன சிவப்பை மிதிக்காமல் போக பத்து நிமிஷம் ஆனது. கையெல்லாம் வேர்த்துவிட்டது. கூரை மேல் ஒரு கோப்ளின் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கிளம்பும் முன்பே ஷேடோஹார்டை வைத்து எனக்கும் லேசெலுக்கும் கேலுக்கும் பிளெஸ் போட்டிருக்கவேண்டும், மறந்துவிட்டேன். திரும்பி அவரிடம் மாறி, அங்கிருந்து எட்டிய லேசெலுக்கும் கேலுக்கும் மட்டும் போட்டேன்.

முதல் அம்பு பட்டது. சண்டை தொடங்கியதும் மேலே வரிசையாக முகங்கள் வந்தன, கூரைக்காரர்கள் பாதிப் பேர் திகைத்துப் போய் நின்றார்கள். என் டர்ன் வந்ததும் அம்பு பட்டவனையே திரும்ப அடித்தேன். செத்தான். கை பழக்கத்தில் ஸ்பேஸுக்குப் போனது. முக்கோணம் ஆரஞ்சாக நிற்கிறது! பக்கத்தில் விளிம்பில் ஒருத்தன். தள்ளுவதற்கு 60 சதவீதம் காட்டியது. தள்ளினேன். அவன் கத்திக்கொண்டே விழுந்தது நேராக வாசல் பக்கம். லேசெல் ஓடி வந்து அவனை ஒரே வெட்டில் முடித்துவிட்டார். லேசெலும் கேலும் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஒருவரைப் பாதி நடத்திவிட்டு மற்றவருக்கு மாறி மாறி ஆடமுடிந்தது, இது யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். கேல் மேஜிக் மிஸைல். மூன்று அம்பும் தப்பாமல் படும் என்பதால் 2 உயிர் மிச்சம் இருந்தவனுக்கு ஒன்று, இன்னொருத்தனுக்கு இரண்டு என்று பிரித்தேன். முதல் ஆள் காலி.

அப்புறம்தான் கூத்து. நான் விளிம்பிலேயே நின்றிருந்தேன். ஒரு கோப்ளின் ஓடி வந்து, நான் செய்ததையே எனக்குச் செய்தான். மேலே இருந்து தரையில் விழுந்தேன், விழுந்த இடத்தில் இன்னொருத்தன் வெட்டினான். நான் சுருண்டுவிட்டேன். சாவுப் பகடை ஒன்று உருட்டி அதுவும் தோல்வி. மூன்று தோல்வி ஆனால் போச்சு என்று திரையில் பார்த்தபோது, சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சு அடித்தது. ஷேடோஹார்ட் ஹீலிங் வேர்டில் எழுப்பிவிட்டு, அதே டர்னில் மிச்சமிருந்த ஆக்‌ஷனில் கைடிங் போல்டும் விட்டார். அதற்குப் பிறகு மூன்று பேர்தான். மூன்று பேரையும் ஒவ்வொருத்தராக.

70 சதவீதம் இரண்டு தடவை மிஸ் ஆனது. இந்தத் தடவை கோபம் வரவில்லை.

மேலூர்க்காரன் | திங்கள், இரவு 10.34

அருமை தம்பி. லோடு எத்தனை தடவை?

உசிலம்பட்டி வில்லாளி | திங்கள், இரவு 10.36

ஒரு தடவை அண்ணே. பதுங்கிப் போகும்போது பூனை மாதிரி நடந்து கடைசியில் சிவப்பில் கால் வைத்துவிட்டேன்.

தாயக்கட்டை | திங்கள், இரவு 11.05

தள்ளுகிறவன் விளிம்பில் நிற்கக்கூடாது என்று சொல்ல விட்டுப்போச்சு. அதை கோப்ளினே சொல்லிக் கொடுத்துவிட்டான், எனக்கு வேலை மிச்சம்.

உசிலம்பட்டி வில்லாளி | திங்கள், இரவு 11.48

அண்ணே, கிராமத்து நடுவில் ஒரு கிணறு இருந்தது. உள்ளே இறங்க வழி இருக்கிறதே என்று இறங்கிவிட்டேன். பூராவும் நூலாம்படை. கீழே பெரிய பெரிய முட்டையாகக் கிடக்கிறது. தூரத்தில் வீடு அளவுக்கு ஒரு சிலந்தி நூல் பாலத்தின் மேல் போய்வந்துகொண்டிருக்கிறது. இன்னும் என்னைப் பார்க்கவில்லை. லெவல் 3. என்ன செய்ய?

தாயக்கட்டை | திங்கள், இரவு 11.51

முட்டையை மிதிக்காமல் வந்த வழியே ஏறி வந்துவிடுங்கள் தம்பி. லெவல் 4 ஆகட்டும்.

நடுநிசி ஜிகர்தண்டா | திங்கள், இரவு 11.53

இல்லையென்றால் அது பாலத்தின் மேல் நிற்கும்போது பாலத்துக்கு நெருப்பு வையுங்கள்.